ஒப்பந்தத்துக்கு முன்பே பறிபோன பிரஜாவுரிமை

பசறை, தெமோதரை, அப்புத்தளைத் தோட்டங்களில் பழைய கதை பேசினால், "ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்துலதான் எங்க பிரஜாவுரிமை போச்சு" என்று பலரும் சொல்வார்கள். அப்படி நினைப்பதில் வியப்பில்லை. பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிச் சொந்தபந்தம் பிரிந்துபோனதைக் கண்ணால் கண்டது அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகுதான்.

ஆனால் 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான ஒப்பந்தம் யாருடைய பிரஜாவுரிமையையும் பறிக்கவில்லை. ஏற்கெனவே நாடற்றவர்களாகி நின்ற இந்திய வம்சாவளி மக்கள் 975,000 பேரை இரண்டு அரசுகள் பங்கு போட்டுக்கொண்டன: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பறித்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேரிடம் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கும்? எழுத்தில் அந்த விதி எல்லோருக்கும் பொது. அத்தாட்சி கேட்கப்பட்டதோ தோட்டத்து மக்களிடம்தான். அடுத்த ஆண்டு, பதிவு மூலம் பிரஜையாகலாம் என்று இந்திய பாகிஸ்தானியர் பதிவுச் சட்டம் வந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு.

"தோட்டத்து ஆளுங்களுக்கு அதுக்கு முந்தி ஓட்டே இல்லை" என்பதும் தவறு. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே பலர் வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பிடித்தது. அவற்றில் ஒன்று பதுளை. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. டி.எஸ். சேனாநாயக்க அரசாங்கத்தின் அவசரத்துக்கு அதுவே முக்கிய காரணம் என்பது என் எண்ணம். வாக்காளர் பட்டியலில் கைவைத்தது 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்திய காங்கிரஸுக்கு ஒருவரும் தெரிவாகவில்லை.

ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்துக்குக் கைதூக்கினார் என்பது இன்னொரு வழக்கமான பேச்சு. அந்த ஓகஸ்ட்டில் அவர் எதிராகவே வாக்களித்தார். செப்டெம்பரில் அமைச்சரானார், அதன்பின் வந்த இந்திய பாகிஸ்தானியர் பதிவுச் சட்டத்தைத்தான் ஆதரித்தார். அவருடைய கட்சியிலிருந்த செல்வநாயகம் அதை எதிர்த்துப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பொன்னம்பலத்தைக் குறை சொல்ல இரண்டாவது வாக்கே போதும். முதலாவதையும் அவர் தலையில் கட்டவேண்டியதில்லை.

  

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது உண்மை. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்பதுதான் இன்றைக்கு அதிகம் கேட்கும் தவறு. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள்; அதே சபை தோட்டத்துக்குள் ஒரு பாதை போட 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. திருத்தம் வந்தது 2018இல்.

காணி விஷயம் இதைவிட மோசம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. "முன்பே எச்சரித்தும் போகாமல் இருந்துவிட்டார்கள்" என்றார்கள். எச்சரிக்கை வந்தது மெய்தான். போவது எங்கே? காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பெனியினுடையது, லயம் வேலையோடு ஒட்டியது. மாற்று இடம் காட்டாமல் கொடுத்த எச்சரிக்கை அது. உயிர் தப்பிய குடும்பங்களுக்குப் புதுவீடு கிடைத்தது 2016இல். ஊவாவில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் காணி உறுதி இல்லாமல் லயத்தில்தான் இருக்கின்றன.