வேப்பிலையும் நானோ துகளும்

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்பது தமிழர் பழமொழி. வேப்பங்குச்சியாலும் நம் முன்னோர் பல் துலக்கினர். யுகாதி நாளில் நம் கன்னட நண்பர்கள் வெல்லத்துடன் சேர்த்து வழங்கும் ‘பேவு’ என்பதும் இவ்வேம்பே ஆகும். பொம்மனஹள்ளியில் வாழும் நாம் இன்று குச்சியை விடுத்துப் பற்பசையால் பல் துலக்குகிறோம். ஆயினும், வேம்பு போன்ற தாவரங்கள் இப்பொழுது ஆய்வுக்கூடங்களில் இடம்பெற்றுள்ளன. அதன் காரணத்தை அறிவோம்.

பல் சொத்தையாவது எதனால்? நம் வாயில் பாக்டீரியாக்கள் பல வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’. இதனை 1924 ஆம் ஆண்டில் கிளார்க் என்னும் அறிஞர் கண்டறிந்தார். இது நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகிறது. அவ்வமிலம் பல்லின் எனாமலைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது.

இப்பாக்டீரியாவை எதிர்க்க நானோ துகள்கள் உதவுமா என அறிவியலாளர் ஆராய்கின்றனர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்குகளாகப் பிரித்தால், அவற்றுள் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுடையவை நானோ துகள்கள்.

வேப்பிலையை நீரிலிட்டுக் காய்ச்சி வடிகட்டுவர். அச்சாற்றைத் துத்தநாக உப்புக் கரைசலுடன் கலந்து சூடாக்குவர். அடியில் படியும் வீழ்படிவைக் கழுவி, உலர்த்தி, உலையில் சுடுவர். துத்தநாக ஆக்சைடுத் துகள்கள் கிடைக்கும். இலைச்சாற்றிலுள்ள பொருள்கள் துகள்கள் உருவாகத் துணைபுரிவதோடு, அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகாமலும் காக்கின்றன. இதனால் தீங்கு தரும் வேதிப்பொருள்களின் தேவை குறைகிறது. சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் தாவரச் சாறுகளைக் கொண்டு இத்தகைய துகள்களை உருவாக்கி, வாய்ப் பாக்டீரியாக்களின்மீது சோதித்துள்ளனர்.

பாக்டீரியா வளரும் தட்டில் இத்துகள்களை இட்டால், அவ்விடத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டம் தோன்றும். வட்டம் அகன்றால் ஆற்றல் மிகுதி என்று கொள்வர். ஆனால், தட்டு வேறு, வாய் வேறு. வாயில் உமிழ்நீர் ஊறுகிறது. நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. அளவு மிகுந்தால் இத்துகள்கள் நம் உடல் செல்களையும் தாக்கக்கூடும். ஆதலால், பல கட்டச் சோதனைகளில் தேறிய பின்னரே ஒரு பொருள் மருந்தாகும்.

முன்னோர் பட்டறிவு ஆய்வுக்கு வழி காட்டும். ஆய்வே அதனை உறுதி செய்யும். அதுவரை நாள்தோறும் இருவேளை பல் துலக்குவோம், இனிப்பைக் குறைப்போம், பல் வலித்தால் மருத்துவரை நாடுவோம்.

அருஞ்சொற்பொருள்
வீழ்படிவு – கரைசலின் அடியில் படியும் திண்மப் பொருள்
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு

வினாக்கள்
1. எனாமல் எவ்வாறு கரைகிறது?
2. இலைச்சாறு செய்யும் இரு பணிகள் யாவை?
3. ‘தட்டு வேறு, வாய் வேறு’ – விளக்குக.
4. பிரித்து எழுதுக: அவ்வமிலம், இலைச்சாறு.
5. உம் வீட்டுப் பெரியோர் இளமையில் எதனால் பல் துலக்கினர்? கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.