கம்பைல் செய்யும்போதே தமிழைக் கேட்டு வாங்குங்கள்

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துப் பிள்ளைகள் பார்ப்பதற்கான பாடக் காணொளிகளில் தமிழ் எழுத்து பதிக்கும் வேலையைக் கள்ளக்குறிச்சியில் இருந்து செய்துவருகிறேன். மலையில் இணையத்தை நம்பி எதையும் தொடங்க முடியாது. அங்கே கையில் இருப்பவை பெரும்பாலும் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய கருவிகள். அதனால் மென்பொருளில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பதை நிறுவும்போதே முடிவு செய்துவிடுவேன்.

டெபியன், உபுண்டுவில் ஆப்ட் கட்டளையோடு 'நோ இன்ஸ்டால் ரெகமெண்ட்ஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் கூடவே வரும் பரிந்துரைத் தொகுப்புகள் நின்றுவிடும். வட்டில் இடம் மிச்சம். லோஹித் போன்ற ஒரு தமிழ் எழுத்துருவை மட்டும் மறக்காமல் தனியாகக் கேட்டு நிறுவுங்கள்.

மூலநிரலில் இருந்து கட்டும்போதுதான் உண்மையான கவனம் தேவை. 'கெ' என்ற எழுத்தில் கணினிக்குள் ககரம் முதலில், கொம்பு பின்னால். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மென்பொருளில் காணொளி மேல் எழுத்து வரையும் டிராடெக்ஸ்ட் வடிகட்டிக்கு இப்போது ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் இரண்டையும் 'எனேபிள்' செய்தே கட்ட வேண்டும். ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தாத பழைய பதிப்புகளில் ஆங்கிலம் அழகாக வரும், தமிழ் உடையும். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கும் குழந்தையின் முன் உடைந்த எழுத்தை வைக்க எனக்கு மனம் வராது.

ஒரு வசதியை நாம் பெயர் சொல்லிக் கேட்டு, அதற்கான நூலகம் இல்லையென்றால், கட்டுமுன் ஓட்டும் எஃப்எஃப்எம்பெக்கின் கான்ஃபிகர் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லது. படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் அப்படியில்லை. தமிழுக்குத் தேவையான ராக்ம் நூலகம் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போகும். கான்ஃபிகர் முடிவில் வரும் சுருக்கப் பட்டியலில் ராக்முக்கு நேரே 'நோ' என்று மட்டும் இருக்கும். மேக் கட்டளை கொடுக்கும் முன் அந்தப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். நூலகத்தின் 'டெவ்' தொகுப்பை நிறுவிவிட்டு மறுபடி கான்ஃபிகர் ஓட்டினால் 'யெஸ்' வந்துவிடும்.

எந்த விருப்பங்களோடு தொடங்குவது என்று குழப்பமா? ஏற்கெனவே நிறுவியிருக்கும் எஃப்எஃப்எம்பெக்கை 'பில்ட்கான்ஃப்' என்று கேட்டால் அது எப்படிக் கட்டப்பட்டது என்று முழுதாகச் சொல்லும். அதை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குவதே என் வழக்கம். எக்ஸ்264 காணொளிக் குறியாக்கி வேண்டுமானால் ஜிபிஎல் விருப்பத்தையும் சேர்க்க வேண்டும்.

பழைய மடிக்கணினியில் கம்பைல் செய்வதைவிடக் கீழே வலுவான கணினியில் கட்டிப் பென் டிரைவில் கொண்டுபோவது எளிது. இரண்டிலும் ஒரே இயங்குதளப் பதிப்பு இருக்கட்டும். 'மார்ச் நேட்டிவ்' விருப்பத்தைத் தொடவே வேண்டாம். புதிய செயலிக்கென்று கட்டியது பழைய செயலியில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நின்றுவிடலாம். டெப் தொகுப்பாக நிறுவினால் 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' கொடுத்துவிடுங்கள். அடுத்த அப்கிரேடு நீங்கள் கட்டியதை மாற்றாது.