மண்வெட்டியை எடுக்குமுன்

ரொறன்ரோவின் ஸ்காபரோ வளவில் பாகற்கொடிக்குப் பாத்தி கொத்தும்போது மஞ்சள் கோடு போட்ட பாம்பு நெளிந்தால், ஊர்ப் பழக்கத்தில் கை மண்வெட்டிக்குத்தான் போகும். அது பெரும்பாலும் கார்ட்டர் பாம்பு. மண்புழுவும் நத்தையும் தவளையும் தின்பது. ஒன்ராறியோவில் மனிதருக்கு ஆபத்தான நஞ்சுள்ளது மசசாகா என்னும் கிலுகிலுப்பை விரியன் ஒன்றுதான். அது ரொறன்ரோவில் இல்லை. ஆகவே மண்வெட்டியைச் சாத்திவிட்டு, வளவின் பாம்பையும் தவளையையும் அறிய இப்படித் தொடங்குங்கள்.

1. முதலில் காது
பனி உருகி, மழை தூறும் வசந்தத்தின் முதல் வெதுவெதுப்பான இரவில், குளக்கரையில் டோர்ச்சை அணைத்துப் பத்து நிமிடம் நில்லுங்கள். வாத்துகள் முணுமுணுப்பது போலக் கேட்டால் வுட் ஃப்ரொக். குளிர்காலத்தில் சருகடியில் இதயத் துடிப்பும் நின்று உறைந்து கிடந்துவிட்டு எழுந்து வந்தது அது. காதைத் துளைக்கும் சீழ்க்கை என்றால் ஸ்பிரிங் பீப்பர். உடம்பு ஓர் அங்குலம்தான். மே மாதத்தில் மூச்சுவிடாமல் இழுக்கும் ரீங்காரம் அமெரிக்கத் தேரையுடையது.

2. பிறகு கட்டை
கைகளைக் கழுவி நனைத்துக்கொள்ளுங்கள். பூச்சி விரட்டியோ கிறீமோ கையில் இருக்கக்கூடாது. கட்டைக்கடியில் ஒளிந்திருக்கும் தவளையும், பல்லி போன்ற சலமாண்டரும் தோலாலும் மூச்சுவிடுபவை. செம்முதுகுச் சலமாண்டருக்கு நுரையீரலே இல்லை. கட்டையின் மறுபக்கத்தைப் பிடித்து உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள். உள்ளே இருப்பது எதிர்ப்பக்கமாக ஓட வழி கிடைக்கும். பார்த்து முடிந்ததும் பிராணியைச் சற்றே ஒதுக்கிவிட்டு, கட்டையை இருந்தபடியே வையுங்கள். அது தானாக அடியில் நுழைந்துகொள்ளும். பூங்காவில் பாதையை விட்டு இறங்காதீர்கள். புரட்டுவது உங்கள் வளவில் மட்டும்.

3. பாம்பை அறிதல்
ஏப்ரல் வெயிலில் கல்மேல் காய்வதைத் தேடுங்கள். கரிய உடலில் நீளவாக்கில் மூன்று வெளிர் கோடுகள் இருந்தால் பெரும்பாலும் கார்ட்டர் பாம்புதான். பிடிக்காதீர்கள்: பிடித்தால் நாறும் நீரைக் கையில் பூசிவிடும், அந்த வாடை சோப்புக்கும் இலகுவில் போகாது. படம் எடுத்து, நாளும் நேரமும் குறித்து, ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள். அரிய இனமென்றால் இடத்தை மறைத்தே பதியுங்கள்.

4. வளவைத் திருத்துதல்
கொடிக்குக் கட்டும் நைலோன் வலை தரையில் கிடந்தால் பாம்பு செதில் மாட்டிச் சிக்கி, திமிறத் திமிற இறுகிச் சாகும். வலையின் அடியை ஓர் அடி உயரத்தில் நிறுத்துங்கள். சிக்கியிருந்தால் இழுக்காமல் சிறு கத்தரியால் கண்ணிகளை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். பேஸ்மென்ற் யன்னல் குழிக்குள் தேரை விழுந்தால் ஏற முடியாது. சொரசொரப்பான பலகையொன்றைச் சாய்த்து வையுங்கள். வெயில்படும் மூலையில் கற்குவியலும், நிழலில் சருகும் இருக்கட்டும். புல் வெட்டுமுன் ஒருமுறை நடந்து பாருங்கள். வசந்தத்தில் தேங்கிக் கோடையில் வற்றும் குட்டையை மண் போட்டு மூடாதீர்கள். மீன் இல்லாததால்தான் தவளை முட்டைகள் அங்கே பிழைக்கின்றன.

5. மழை இரவில் வண்டி
முட்டையிடப் போகும் தவளை, சலமாண்டர் கூட்டம் தெருவைக் கடக்கும் நேரம் அது, மெதுவாக ஓட்டுங்கள். பேர்லிங்டன் நகரம், ஜெஃபர்சன் சலமாண்டர்கள் கடப்பதற்காகக் கிங் றோட்டின் ஒரு பகுதியை 2012 முதல் வசந்தத்தில் சில வாரங்கள் மூடிவிடுகிறது. ஒரு நகரம் தெருவையே விட்டுக்கொடுக்கிறது. நம்மிடம் கேட்பது வலையை ஓர் அடி தூக்கிக் கட்டுவதுதான்.