வலிக்காத கட்டிக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

"வலிக்குதா? இல்லையே. அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?" மார்பில் கட்டி தட்டுப்படுவதாகச் சொல்லும் பெண்ணுக்குப் பல வீடுகளில் கிடைக்கும் பதில் இது. சூட்டுக் கட்டி, தானாகக் கரைந்துவிடும் என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரட்டும் என்று காத்திருப்பது நோய்க்கு அவகாசம் கொடுப்பதுதான்.

"எங்க பரம்பரையில யாருக்கும் இல்லை" என்பதும் காப்பாற்றாது. பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் கோளாறால் இந்நோய் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான்.

"கத்தியோ ஊசியோ பட்டா பரவிடும்" என்கிறார்கள். ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதால் நோய் பரவி ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரமில்லை. நோய் முற்றிய பிறகு அறுவை செய்துகொண்டு இறந்தவர்களைப் பார்த்துப் பிறந்த பயம் இது. அந்தப் பயமே அடுத்தவரையும் தாமதமாக வரவைக்கிறது.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) உள்ள பெரிய ஊருக்குப் போய், ஆண் டாக்டரிடம் காட்டினால்தான் பரிசோதனை என்ற எண்ணமும் தவறு. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயதுள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே தொட்டுச் சோதித்தார்கள். முடிவுகள் 2021-இல் வெளியாயின. சோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்கூட்டியே பிடிபட்டது. 50 வயதைக் கடந்தவர்களிடம் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ளவர்களிடம் இறப்பு குறையவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது படித்தவர்கள் சொல்லும் ஒரு நம்பிக்கை: "பொம்பளைங்களுக்குத் தங்கள் உடம்பு மேல அக்கறை இல்லை." 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 5.6 சதவீதம். இந்திய அளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. இத்தனை பேருக்கும் அக்கறை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் கூலி போகும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். கட்டி இருப்பது தெரிந்தால் ஜி.எச்.சுக்கு மறுபடி மறுபடி அலைய வேண்டும். வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் அமையுமா என்ற கவலை வேறு. ரத்த அழுத்தத்தை வீட்டுத் திண்ணையில் பார்த்துவிடலாம். மார்பகப் பரிசோதனைக்குக் கதவு சாத்திய ஓர் அறை வேண்டும். அந்த அறையைக் கொடுக்காமல் பெண்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கப் போகும் 30 வயதைத் தாண்டிய பெண்கள், அங்குள்ள செவிலியரிடம் மார்பகப் பரிசோதனையையும் கேட்கலாம். காசு கிடையாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் போதும் என்ற அரசின் கணக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. கட்டி, காம்பு உள்வாங்குதல், காம்பில் ரத்தக் கசிவு, தோலில் சுருக்கம் என எது தென்பட்டாலும், எந்த வயதானாலும், அந்த வாரமே போய்க் காட்ட வேண்டும்.