பூங்காவில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி: இடத்தேர்வு

மேல்நிலைத் தொட்டிக்கு இடம் தேடும் நகராட்சிகள் பெரும்பாலும் பூங்காவையே முதலில் நாடுகின்றன. நிலத்திற்கு விலை தரவேண்டியதில்லை அல்லவா! விலையின்மை செலவின்மை ஆகாது. இழக்கப்படும் நிழலும் ஆடுகளமும் மதிப்பீட்டில் ஏறவேண்டும். பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தது செல்லாதெனப் பெங்களூர் வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. தொட்டி பொதுப்பயன் உடையதே. எனினும் பூங்காவும் அத்தகையதே.

10 மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் தரும். எனவே மேட்டுநிலத்தில் தூண்களின் உயரம் குறையும். விநியோகப் பகுதியின் நடுவில் அமைந்தால் குழாய்ச் செலவு குறையும். இவ்விரண்டும் ஓரிடத்தில் வாய்ப்பது அரிது.

மும்பையின் மலபார் குன்றில் நீர்த்தேக்கத்தின் மேலேயே 1880-களில் தோட்டம் அமைந்தது; குன்றே தூணாயிற்று. சமவெளி நகரங்களுக்கு அவ்வசதி இல்லை. அங்கே, பெருமரங்களைத் தவிர்த்து, பராமரிப்பு வண்டி சென்றுவரச் சாலையை ஒட்டிய மூலையைத் தேர்வதே சிக்கனம்; குழாய் சற்று நீண்டாலும் சரி.