உறங்கிய கணினி

போபால் நகரில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அக்காள் ஒன்பதாம் வகுப்பிலும் தம்பி ஆறாம் வகுப்பிலும் பயில்கின்றனர். அவர்களுடைய அப்பத்தா சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறார். ஞாயிறுதோறும் மாலையில் அவர் தொலைபேசி வழியே பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். ஒரு கதையை இருமுறை ஒரே வகையாகச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே அக்காள் ஒவ்வொரு கதையையும் மற்றொரு கைப்பேசியில் பதிவு செய்து வந்தாள்.

அப்பதிவுகளைச் சேமிக்க ஒரு பழைய மடிக்கணினியை அப்பா வீட்டுச் சேவையகமாக மாற்றியிருந்தார். பிற கருவிகள் கேட்பவற்றை வலையமைப்பின் வழியே வழங்கும் கணினியே சேவையகம். வழக்கில் அதனைச் சர்வர் என்பர். நாள்தோறும் இரவு எட்டு மணிக்குப் புதிய பதிவுகள் தாமாகவே அதற்குச் சென்று சேரும்.

ஒரு நாள் கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டது. பழைய பதிவுகளை நீக்க அக்காள் முற்பட்டாள்.

“அவை சர்வரில் சேர்ந்துவிட்டனவா என்று பார்த்தபின் நீக்கு” என்றார் அம்மா.

பார்த்தபோது கைப்பேசியில் 43 பதிவுகள் இருந்தன. சர்வரில் 31 மட்டுமே இருந்தன. மூன்று மாதங்களுக்கு முன் அப்பா அதில் டெபியன் லினக்ஸைப் புதிதாக நிறுவியிருந்தார். அதன்பின் சொல்லப்பட்ட 12 கதைகளில் ஒன்றும் வந்து சேரவில்லை.

“கணினி பழுதாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவலாம், அப்பா” என்றான் தம்பி.

“காரணம் தெரியாமல் கைவைத்தால் இருப்பதும் போய்விடும். முதலில் கவனிப்போம்” என்றார் அப்பா.

மடிக்கணினியின் திரை இருண்டிருந்தது. சிறு விளக்கு மட்டும் விட்டுவிட்டு ஒளிர்ந்தது. தம்பி ஒரு விசையை அழுத்தியதும் திரை ஒளி பெற்றது. எனவே கணினி அணைந்திருக்கவில்லை, உறக்கநிலையில் இருந்தது. அந்நிலையில் நினைவகத்திற்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் செல்லும், செயலி ஓய்ந்திருக்கும். அதனால்தான் கைப்பேசியின் அழைப்பிற்கு மறுமொழி கிடைக்கவில்லை.

அக்காள் ஒரு குறிப்பேட்டில் நேரங்களை எழுதலானாள். விசையைக் கடைசியாகத் தொட்டது 6.10, உறங்கியது 6.25. மீண்டும் தொட்டது 7.00, உறங்கியது 7.15. இடைவெளி இருமுறையும் 15 நிமிடங்கள். பழுதான கருவி இவ்வளவு ஒழுங்காக நிற்பதில்லை. யாரோ இட்ட கட்டளைக்கு அது பணிகிறது என்பது புலனாயிற்று.

அக்கட்டளை மின்சக்தி அமைப்புகளில் இருந்தது. விசைப்பலகையையும் சுட்டியையும் யாரும் தொடாவிட்டால், கணினி வேலையின்றி இருப்பதாக அது கணக்கிடும். வலையமைப்பின் வழியே நிகழும் வேலை அக்கணக்கில் சேர்வதில்லை. மேசைமேல் பயன்படும் கணினிக்கு அது நல்ல ஏற்பாடு; மின்சாரம் மிச்சமாகும். ஆனால் சர்வரை யாரும் கையால் தொடுவதில்லை. அப்பா தானியங்கி உறக்கத்தை நிறுத்தினார். அன்றிரவு பதிவுகள் ஒவ்வொன்றாகச் செல்லத் தொடங்கின.

மறுநாள் கணினியை மறுதொடக்கம் செய்தபின் அது மீண்டும் உறங்கியது. தம்பி சோர்ந்தான். அக்காள் குறிப்பேட்டைப் பார்த்து, “நேற்று அப்பாவின் பெயரில் உள்நுழைந்திருந்தோம். இன்று யாரும் உள்நுழையவில்லை. வேறுபாடு அது ஒன்றுதான்” என்றாள்.

அவள் ஊகம் சரியாக இருந்தது. கடவுச்சொல் கேட்கும் உள்நுழைவுத் திரைக்குத் தனி அமைப்புகள் உண்டு. அப்பா மாற்றியது அவருடைய கணக்கை மட்டுமே. அத்திரைக்குரிய கோப்பிலும் அப்பா உறக்கத்தை நிறுத்தினார். மின்வெட்டின்போது மின்கலம் தீராமல் காக்கும் உறக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்.

பின்னர்க் கணினியை மறுதொடக்கம் செய்து, ஒரு மணி நேரம் எவரும் தொடாமல் காத்திருந்தனர். அது விழித்தே இருந்தது. அன்றிரவு எஞ்சிய பதிவுகளும் வந்து சேர்ந்தன: கைப்பேசியில் 43, சர்வரில் 43. கடைசிக் கதையை இறுதிவரை ஒலிக்கவிட்டுக் கேட்டபிறகே அக்காள் பழைய பதிவுகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கினாள்.

நோய் இன்னதென்றும், அதன் காரணம் இன்னதென்றும் அறிந்த பின்னரே மருந்து தேட வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காட்டும் நெறி. அந்நெறி கருவிகளுக்கும் பொருந்தும்.

அருஞ்சொற்பொருள்
சேவையகம் – சர்வர்
செயலி – கணினியில் கணக்கிடும் உறுப்பு
மின்கலம் – பேட்டரி
ஊகம் – உய்த்துணர்தல்

வினாக்கள்
1. கணினி அணைந்திருக்கவில்லை என்பதை எவ்வாறு அறிந்தனர்?
2. நேரங்களை எழுதிவைத்ததால் விளைந்த பயன் யாது?
3. முதல் திருத்தத்திற்குப் பின்னும் கணினி உறங்கியது ஏன்?
4. பிரித்து எழுதுக: அப்பதிவுகள், உள்நுழைவு, அந்நிலை.

செயல்பாடு
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது ஊரிலுள்ள மூத்த உறவினர் ஒருவர் சொல்லும் கதையைப் பதிவு செய்க. அதனை இரண்டு இடங்களில் சேமித்து, இரண்டும் முழுமையாக ஒலிக்கின்றனவா எனச் சரிபார்க்க. அக்கதையைப் பத்து வரிகளில் எழுதுக.