தங்கும் விடுதி வேலைக்கு ஏற்ற ஆங்கிலம்

நம் நாட்டில் சுற்றுலாத் துறை பெரிதும் விரிவடைந்துள்ளது. லங்காவித் தீவு 1987ஆம் ஆண்டில் தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு, மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. 2008ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. விருந்தினர் பெருகவே தங்கும் விடுதிகளும் பெருகின. வரவேற்பு முகப்பிலும், உணவுக்கூடத்திலும், அறைப் பராமரிப்பிலும் ஆட்கள் தேவைப்படுகின்றனர்.

இதே காலத்தில் பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. வேலை போனால் குடியிருக்கும் வீட்டையும் விட நேரும் என்பதைத் தோட்ட மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே, நம் பிள்ளைகள் இன்னொரு தொழிலைக் கற்று வைத்திருப்பது குடும்பத்துக்கே பாதுகாப்பாகும். விடுதி வேலைக்கு வேண்டிய மலாய் மொழி நம் இளைஞர்களிடம் உண்டு. உழைக்கும் உடலும் உண்டு. பலருக்குத் தடையாக நிற்பது ஆங்கிலமே.

எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டில் மொழித்திறனை ஆறு படிகளாக வகுத்து வெளியிட்டது. நம் பள்ளிகளின் ஆங்கிலப் பாடத்திட்டமும் இப்பொழுது அதனைத் தழுவியுள்ளது. அதில் மூன்றாம் படி இடைநிலையின் தொடக்கமாகும். ‘குட் மார்னிங், சார்’ என்று மனப்பாடம் செய்ததைச் சொல்வது அடிப்படை நிலை. ‘என் அறையில் நீர் ஒழுகுகிறது, நான் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும், என்ன செய்வீர்கள்?’ என்று எதிர்பாராமல் கேட்கும் விருந்தினருக்கு விடை கூறுவது இடைநிலை. இதற்குக் கடினமான சொற்கள் தேவையில்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள சில வேறுபாடுகளை நன்கு உணர்ந்தால் போதும்.

1. பணிவு எங்கே இருக்கிறது?

தமிழில் ‘இரு’ என்பதற்கும் ‘இருங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு குழந்தையும் அறியும். நம் மரியாதை வினைச்சொல்லின் ஈற்றிலேயே அமைந்துள்ளது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற இரண்டுக்கும் ‘யூ’ என்ற ஒரே சொல்தான். எனவே ‘இங்கே இருங்கள்’ என்று மனத்தில் எண்ணி ‘யூ வெயிட் ஹியர்’ என்று சொன்னால், விருந்தினர் காதில் அது ‘நீ இங்கே இரு’ என்ற கட்டளையாக விழும். பணிவுள்ள பிள்ளை முரட்டுப் பிள்ளையாகக் கருதப்படுவது இதனால்தான்.

ஆங்கிலத்தில் பணிவு வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். கட்டளையைக் கேள்வியாக மாற்ற வேண்டும். ‘உட் யூ லைக் டு வெயிட் ஹியர், சார்?’ என்பது சரி. ‘கிவ் பாஸ்போர்ட்’ என்னாமல், ‘மே ஐ ஸீ யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?’ என்க. நமக்குள் பேசும்போது ‘கேன், கேன்’ என்பது போதும். விருந்தினரிடம் ‘சர்ட்டன்லி, மேடம்’ என்பதே அழகு.

2. ‘ஆமாம்’, ‘இல்லை’ என்னும் இரண்டு சொற்கள்

உணவுக்கூடத்தில் இது உயிர் சார்ந்த செய்தி. நிலக்கடலை உண்டால் மூச்சுத் திணறிச் சாகக்கூடிய ஒவ்வாமை சிலருக்கு உண்டு. அத்தகைய ஒருவர், ‘நோ பீநட்ஸ் இன் திஸ்?’ என்று கேட்கிறார். ‘இதில் கடலை இல்லையே?’ என்பது பொருள். கடலை இருக்குமானால் தமிழில் நாம் ‘இல்லை, இருக்கிறது’ என்போம். அதே நினைவில் ‘நோ’ என்று மட்டும் சொன்னால், கடலை இல்லை என்றே அவர் கொள்வார், உண்டும் விடுவார்.

ஆங்கிலத்தில் இருப்பதற்கு ‘எஸ்’, இல்லாததற்கு ‘நோ’. கேள்வி எவ்வாறு அமைந்தாலும் இது மாறாது. எனினும் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தற்க. ‘எஸ், தேர் ஆர் பீநட்ஸ் இன் திஸ்’ என்று முழு வாக்கியமாகக் கூறுக. உறுதியாகத் தெரியாவிடில், ‘ஐ வில் ஆஸ்க் த குக்’ என்று சொல்லி, சமையற்காரரைக் கேட்டு வருக.

3. எண்களைத் திருப்பிச் சொல்லுதல்

‘ஃபிஃப்டீன்’ பதினைந்து, ‘ஃபிஃப்டி’ ஐம்பது. ஆறு மணி பதினைந்து நிமிடத்துக்கு எழுப்பச் சொன்னவரை ஆறு ஐம்பதுக்கு எழுப்பினால் அவர் விமானத்தைத் தவறவிடுவார். ஆதலால் எண்ணைத் தனித்தனி இலக்கமாகத் திருப்பிச் சொல்லுக: ‘சிக்ஸ் ஒன் ஃபைவ், சார்?’ அவர் ‘எஸ்’ என்ற பிறகே எழுதிக்கொள்ளுக.

4. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு

விருந்தினர் கேட்கும் கணக்குச்சீட்டையும், வயிற்று வலிக்கு விழுங்கும் மாத்திரையையும் தமிழெழுத்தில் ‘பில்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘கம்பம்’ என்பதன் இடையில் வரும் பகர ஒலி. இரண்டாவது ‘பல்’ என்பதன் முதலில் வரும் ஒலி. ஆகவே ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வதோடு நிறுத்தலாகாது. வானொலி ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, உடனுக்குடன் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும்.

5. குறை கூறுபவரிடம் பேசுதல்

மூன்று படிகளை நினைவில் வைத்தல் நன்று. முதலில் வருத்தம்: ‘ஐ ஆம் சாரி அபௌட் தட், சார்.’ அடுத்துச் செயல்: ‘ஐ வில் ஸெண்ட் ஸம்வன் டு யுவர் ரூம்.’ பின்னர் நேரம்: ‘இன் டென் மினிட்ஸ்.’ சொன்ன நேரம் தவறலாகாது. விருந்தினர் கூறியது புரியாவிடில் தலையசைத்துவிட்டுப் போவது பெருந்தவறு. ‘ப்ளீஸ் ஸே தட் எகேன்’ என்று கேட்பதில் இழிவில்லை. புரிந்ததுபோல் நடிப்பதால்தான் தீங்கு விளையும்.

பயிற்சி முறை

நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம் ஒதுக்குக. இருவர் சேர்ந்து ஒருவர் விருந்தினராகவும் மற்றவர் ஊழியராகவும் பேசுக. பின்னர் இடம் மாறுக. இடைநிலைப் பள்ளியில் பயிலும் தம்பி தங்கையரைத் துணைக்கு அழைக்கலாம். பிள்ளை வாய்விட்டுப் பயிலும்போது வீட்டார் சிரிக்காதிருத்தல் வேண்டும். கூச்சமே மொழிக்கு முதற்பகை. ஒரு கிழமைக்கு ஒரு பாடம் எனக் கொண்டால் ஐந்து கிழமைகளில் இவ்வைந்தும் வசப்படும்.

முறையாகத் தொழில் கற்க விரும்புவோர், மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழுக்கான பயிற்சி குறித்து விசாரித்து அறியலாம். சமூகக் கல்லூரிகள் சிலவற்றிலும் விடுதித் தொழில் கற்பிக்கப்படுகிறது.

விருந்தோம்பல் நம் மக்களுக்குப் புதிதன்று. வந்தவரை அமரச் செய்து, தண்ணீர் கொடுத்து, பசி அறிந்து உணவிடும் பண்பு நம் லயத்து வீடுகளில் என்றும் உண்டு. அப்பண்பு விருந்தினருக்குப் புலப்படும்படி பேசுவதற்கே இந்த ஆங்கிலம். இன்றே முதற்பாடத்தைத் தொடங்குங்கள்.